காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டு நிற்பது

மாமியார் சொன்ன ஒரு பேச்சுக்குப் பொருள் புரியவில்லை என்று கேட்டிருந்தீர்கள். யாருக்கும் கால் வெந்துபோகவில்லை, பயப்படாதீர்கள். உங்கள் மாமியார் "ஏம்மா கால்ல வெந்நீரை ஊத்திக்கிட்டு நிக்கிறே?" என்று கேட்டதற்கு, "எதற்கு இவ்வளவு அவசரப்படுகிறாய்" என்றுதான் பொருள்.

வெந்நீர் பட்ட கால் ஒரு இடத்தில் தரிக்காது, மாறி மாறித் தூக்கி வைப்போம். அந்தத் தவிப்புதான் இந்தப் பேச்சுக்குள் இருக்கிறது. செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றே காபி குடிப்பவரைப் பாருங்கள், புரிந்துவிடும். எவ்வளவு அழகான வழக்கு!

சொல்லுக்குச் சொல் பொருள் எடுத்ததால்தான் குழப்பம் வந்திருக்கும். 'ஊற்றிக்கொண்டது போல' என்று மாற்றிப் படித்துப் பாருங்கள். பொருள் விளங்கிவிடும். இது ஒரு மரபுத்தொடர்தான்.

அப்புறம், இதில் லேசான கண்டிப்பும் உண்டு. விருந்தாளியிடம் சொன்னால் "இன்னும் கொஞ்சம் இருங்கள்" என்ற பாசம். மூத்தவர்களிடம் மட்டும் நீங்கள் சொல்ல வேண்டாம்.