கடைசிப் பந்தியில் போய் உட்காருங்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

வைகாசியில் தங்கைக்குக் கல்யாணம். திருத்துறைப்பூண்டியில் மண்டபம். முதல் நாள் சாயங்காலம் ரிசப்ஷன், மறுநாள் முகூர்த்தம். சாப்பாட்டுப் பொறுப்பு என் தலையில். தஞ்சாவூர் கேட்டரிங்காரர் ஒருவர் ஆல்பத்தோடு வந்து, ரிசப்ஷனுக்கு 32 ஐட்டம், இலைக்கு 450 ரூபாய் என்கிறார். உள்ளூர் மாஸ்டர் ஒருவர், 'சாமான் வாங்கிக் கொடுங்கள், கூலி மட்டும் போதும்' என்கிறார். அப்பாவுக்கு நம் வயல் அரிசிதான் இலையில் விழ வேண்டும். தங்கைக்குப் பானிபூரி ஸ்டால் வேண்டும். 600 பத்திரிகை அடித்திருக்கிறோம், எத்தனை இலை சொல்வதென்று தெரியவில்லை. நான் திருப்பூரில் வேலை பார்க்கிறேன். யாரை நம்பி அட்வான்ஸ் கொடுப்பது?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

முதலில் அந்த ஆல்பத்தை மூடி வையுங்கள். சாம்பிள் என்று டப்பாவில் கொண்டுவந்து கொடுத்தால் சாப்பிட்டுவிட்டு மறந்துவிடுங்கள். பத்துப் பேருக்கு ஆக்குகிற கை வேறு, ஐநூறு பேருக்கு அண்டாவில் ஆக்குகிற கை வேறு. வைகாசிக்கு முன்னால் அந்த இரண்டு பேரும் எங்கே ரிசப்ஷனுக்குச் சமைக்கிறார்கள் என்று கேட்டு, ஒன்பதரை மணிக்கு மேல் போய்க் கடைசிப் பந்தியில் உட்காருங்கள். தெரிந்தவர் வீட்டு விசேஷமாக இருந்தால் மொய் எழுதிவிட்டுத் தைரியமாகச் சாப்பிடலாம்.

முதல் பந்தி எல்லா மாஸ்டரிடமும் நன்றாகத்தான் இருக்கும். நம் பக்கத்தில் கிராமத்து உறவுகள் கடைசி பஸ்ஸை நினைத்துக்கொண்டு ஏழு மணிக்கே பந்தியில் இடம் பிடித்துவிடுவார்கள். கடைத்தெருக்காரர்கள் கடையைச் சாத்திவிட்டு ஒன்பதரைக்கு வருவார்கள். எல்லோரையும் அனுப்பிவிட்டுப் பத்தரைக்கு உட்காரப்போவது நீங்களும் உங்கள் அப்பாவும், சம்பந்தி வீட்டில் முக்கியமான நாலு பேரும். குறை சொல்லப்போகிற நாலு பேரும் அவர்கள்தான்.

அங்கே உட்கார்ந்து வாளியைப் பாருங்கள். பரிமாறுகிற பையன் வாளியைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு வருகிறானா, கரண்டி அடியில் சுரண்டுகிற சத்தம் கேட்கிறதா? வரிசையில் முதல் இலைக்கு ஒரு கரண்டி மசாலா, கடைசி இலைக்கு அரைக் கரண்டி என்றால் உள்ளே சரக்கு தீர்ந்துகொண்டிருக்கிறது. சாம்பார் சாதத்தில் வெந்நீர் விட்டுக் கிளறியிருந்தால் தண்ணீர் தனியாகப் பிரிந்து இலையில் ஓடும். அப்பளம் நமுத்திருந்தால் சாயங்காலமே பொரித்துக் கொட்டியது. ஆனால் நிஜமான பரீட்சை தயிர் சாதம். தொழில் தெரிந்தவர் பாலை நிறைய விட்டு, உறைக்கு விடுகிற மாதிரி தயிரைக் கொஞ்சமாகச் சேர்த்துப் பிசைவார். அது பத்து மணிக்கும் இனிக்கும். தயிரையே கொட்டிப் பிசைந்திருந்தால் வாயில் வைத்ததும் தெரிந்துவிடும்.

கை கழுவுகிற சாக்கில் சமையல்கட்டையும் எட்டிப் பாருங்கள். சூடாகப் பரிமாறுகிற பண்டம் 60 டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்புக் கணக்கு. தேங்காய் அரைத்து விட்ட குருமாவை மூன்று மணிக்கு இறக்கி, அக்னி நட்சத்திரத்தை ஒட்டிய நாளில் ஒன்பதரை வரை அப்படியே வைத்திருந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டாம். ஏழு மணிக்கு ஒரு ஈடு, ஒன்பது மணிக்கு ஒரு ஈடு என்று இரண்டாகச் செய்வீர்களா என்று கேளுங்கள். முகத்தைச் சுளித்தால் அவர் வேண்டாம். உணவுப் பாதுகாப்பு உரிமம் இருக்கிறதா என்பதையும் கேட்டுவிடுங்கள், பில்லில் 14 இலக்க எண் இருக்க வேண்டும்.

அடுத்தது, 'அன்றைக்கு உங்களுக்கு எத்தனை மண்டபம்? எங்கள் அடுப்பில் நிற்பது யார்?' என்று நேராகக் கேளுங்கள். வைகாசி வளர்பிறை முகூர்த்தம் என்றால் பெரிய காண்ட்ராக்டர்கள் நாலு இடத்தில் ஒப்புக்கொள்வார்கள். பேச வந்தவர் ஒருவர், ஆக்க வருகிறவர் இன்னொருவர். உங்களுக்கு வரப்போகிற ஆளின் கைப்பக்குவத்தைத்தான் நீங்கள் சாப்பிட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

உள்ளூர் மாஸ்டர் சொல்கிற கூலிக் கணக்கில் காசு மிச்சமாகும், மறுக்கவில்லை. ஆனால் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு இரண்டு நாளும் ஸ்டோர் ரூம் வாசலில் உட்கார ஒரு ஆள் வேண்டும். முன்பெல்லாம் அதற்கென்றே வீட்டுக்கு ஒரு பெரியப்பா இருப்பார். உங்கள் வீட்டில் இருக்கிறாரா? இருந்தால் சரி. அப்போதும் மளிகை லிஸ்டை அப்படியே வாங்காதீர்கள். முகூர்த்தத்தின் முழுச் சாப்பாட்டுக்கே நூறு பேருக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோ அரிசி போதும். இருபது என்று எழுதியிருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் அந்த உள்ளூர் மாஸ்டரிடமே, 'சாமானையும் நீங்களே பாருங்கள், இலைக்கு எவ்வளவு?' என்று கேட்பேன். அவருக்கு அந்த ஊர்த் தண்ணீர் தெரியும் என்பது ஒரு காரணம். கடலை நெருங்க நெருங்க நிலத்தடி நீர் உப்பு. அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது, காப்பி வாயில் வைக்க முடியாது. தஞ்சாவூரிலிருந்து அறுபது கிலோமீட்டருக்கு மேல் வண்டி கட்டி வருகிறவர் இதைச் சாயங்காலம் நாலு மணிக்குக் கண்டுபிடிப்பார். யாரை வைத்தாலும் சமையலுக்குத் தண்ணீர் எங்கிருந்து, காசு யாருடையது என்பதைப் பேப்பரில் எழுதுங்கள். கேஸ், பாத்திர வாடகை, வண்டி, பசங்களுக்கு இனாம், எல்லாவற்றையும்தான். இலைக்கு 450 என்று ஆரம்பித்த கணக்கு ஊதிப்போவது இந்தச் சில்லறைகளில்தான்.

32 ஐட்டம் ஒரு இலையில் எங்கே வைப்பார் என்று தெரியவில்லை. பன்னிரண்டு, பதினாலு போதும். பன்னீர் பட்டர் மசாலா எல்லா ஊரிலும் கிடைக்கும். குட்டி இட்லிக்குக் கும்பகோணம் கடப்பா ஊற்றுங்கள், பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் போட்டுச் சோம்பு மணக்க. இனிப்புக்குத் திருவையாற்று அசோகா. வெளியூர்ச் சம்பந்தி இதைத்தான் ஊருக்குப் போய்ச் சொல்வார்.

அப்பா சொல்வதைத் தள்ளாதீர்கள். தையில், மாசியில் அறுத்த சம்பா நெல்லின் அரிசி வைகாசிக்கு இன்னும் புதுசு, வடித்தால் குழையும். பிரியாணிக்கும் மறுநாள் சாதத்துக்கும் ஆகாது. போன வருஷத்து நெல் வீட்டில் இருந்தால் அதை அரைத்து, மாஸ்டரிடம் ஒரு கிலோ கொடுத்து முன்கூட்டியே வடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் புது அரிசியைத் தயிர் சாதத்துக்குக் கொடுத்துவிடுங்கள். குழைவதுதான் அங்கே அழகு. அப்பாவின் அரிசி எல்லா இலையிலும் விழுந்த மாதிரியும் ஆயிற்று.

எண்ணிக்கைக்குப் பத்திரிகையைப் பார்க்காதீர்கள், மொய் நோட்டைப் பாருங்கள். நெருங்கிய சொந்தத்தில் சமீபத்தில் விசேஷம் செய்தவரிடம் எத்தனை பத்திரிகை, மொய் நோட்டில் எத்தனை பெயர், இலை எத்தனை விழுந்தது என்று மூன்றையும் கேளுங்கள். உங்கள் வீட்டுக் கூட்டமும் ஏறக்குறைய அதே விகிதத்தில்தான் வரும். அதில் கொஞ்சம் குறைத்தே சொல்லிவிட்டு, அதற்கு மேல் எத்தனை இலை வரை அதே விலைக்குத் தருவார் என்பதை எழுதி வாங்குங்கள். இலைக்கட்டை நீங்களே வாங்கிக் கொடுங்கள். கொடுத்ததிலிருந்து மீந்ததையும் கிழிந்ததையும் கழித்தால் கணக்கு தீர்ந்தது, ராத்திரி பதினோரு மணிக்கு வாக்குவாதம் இருக்காது. பாக்கிப் பணம் கடைசிப் பந்தி எழுந்த பிறகு.

அப்புறம் பானிபூரி. எனக்குப் பிடிக்காது, ஆனால் கல்யாணப் பெண் கேட்டால் வைக்கத்தான் வேண்டும். ஆறரையிலிருந்து எட்டரை வரை போதும். கேன் தண்ணீர்தான், ஐஸ் கூடாது என்று ஸ்டால்காரரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். மேடைக்குப் பின்னால் ஒரு தட்டு எடுத்துப் போக யாராவது ஒரு பெண்ணிடம் சொல்லிவையுங்கள். பத்தரை மணி வரை உங்கள் தங்கைக்கு வேறெதுவும் கிடைக்கப்போவதில்லை.