ஜியோகேஷிங் டப்பா வெச்சு கூட்டம் கொண்டு வர்றேன்னு காசு கேட்டா கொடுக்கலாமா?

கேள்வி: நெவாடால ஹைவே ஓரம் ஒரு குட்டி ஊர்ல மோட்டலும் காபிக் கடையும் நடத்துறோம். சுத்தி 20 ஜியோகேஷிங் டப்பா வெச்சு, வெப்சைட்ல எங்க கடை பேரையும் போட்டு கஸ்டமர் வர வெக்கிறேன்னு ஒருத்தர் 3,000 டாலர் கேக்குறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீங்க. யாரோ ஒளிச்சு வெச்ச டப்பாவை ஜிபிஎஸ் பாத்து தேடி, உள்ள இருக்கற தாள்ல பேர் எழுதிட்டு வர்ற விளையாட்டு இது, 2000 மே மாசம் ஓரிகன்ல ஆரம்பிச்சது, டப்பாவை லிஸ்ட் பண்ண ஒரு சென்ட் கூட கட்ட வேண்டாம். கடை பேரைப் போடறேன்னு சொல்றார் பாருங்க, அது சுத்தப் பொய். விளம்பர வாடை அடிச்சாலே ரிவ்யூவர், அதாவது லிஸ்டிங்கைப் பாத்து ஓகே பண்றவர், திருப்பி அனுப்பிடுவார்.

இன்னொண்ணு, டப்பா எல்லாம் அவர் அக்கவுண்ட்லதான் இருக்கும். மழைல தாள் கூழாப் போனா மாத்த வேண்டியது அவர்தான், ஆனா அவர் காசை வாங்கிட்டு அடுத்த ஊர்ல ஆள் புடிக்கப் போயிருப்பார், கொஞ்ச நாள்ல லிஸ்டிங்கை மூடிடுவாங்க, அவர் சம்மதிக்காம உங்க பேருக்கு மாத்தவும் மாட்டாங்க.

அப்புறம் லாக் கணக்கு, அதாவது டப்பாவைக் கண்டுபிடிச்சேன்னு ஒவ்வொருத்தரும் வெப்சைட்ல போடற பதிவு எத்தனைன்னு காட்டுவார், ஏமாந்துடாதீங்க. ஒரு கார்ல 4 பேர் வந்து 1,000 டப்பா கண்டுபிடிச்சா 4,000 லாக். வந்தது ஒரே கார்! அவங்க உங்க கடைல காபி குடிச்சாங்களாங்கறது அதுல எங்க இருக்கு? டூரிசம் ஆபீஸ்காரங்களே இந்த நம்பரை ஸ்லைடுல போட்டு பட்ஜெட் வாங்கிடறாங்க, கடைக்காரன் கல்லாவை ஒருத்தரும் எட்டிப் பாக்கறதில்ல.

நிஜமா காசு வந்த இடம் உங்க ஸ்டேட்லயே இருக்கு. ரேச்சல்ங்கற குட்டி ஊர், 375-ம் நம்பர் ரோடு. அங்க 2010ல ரோட்டோரமா ஆயிரத்துக்கு மேல டப்பா வெச்சாங்க, சுத்துவட்டாரத்துல வேற கடை கண்ணி கிடையாது, தேடி முடிக்க நேரமும் ஆகும், அதனால வந்தவங்க அங்கேயே சாப்பிட்டு தூங்கினாங்க. 20 டப்பாவை மதியத்துக்குள்ள முடிச்சிட்டு கிளம்பிடுவாங்க, யார் ரூம் எடுப்பா? அந்த ரேச்சல்லயே 2011ல வண்டிங்க அடிக்கடி ரோட்டோரம் நிக்குது, ஆபத்துன்னு ஹைவே டிபார்ட்மென்ட் சொல்லி எல்லாத்தையும் எடுக்க வெச்சாங்க, வியாபாரம் அடி வாங்கிச்சு. பின்னாடி டப்பாங்க திரும்ப வந்துச்சு, அது வேற கதை.

ஜியோடூர்னு ஒண்ணு இருக்கு, ஊரைச் சுத்திக் காட்டற மாதிரி டப்பா வெக்க ஊர் நிர்வாகம் பணம் கட்டி எடுக்கறது, அது உங்களுக்கு இல்ல, விடுங்க.

கடை பேரு வரணும்னா ஒரே வழி ஈவன்ட். பக்கத்து ஊர் ஜியோகேஷர் யாரையாவது உங்க கடைல மீட்டிங் வைக்கச் சொல்லுங்க. ஈவன்ட் பேஜ்ல இடத்தோட பேரைப் போடலாம், இல்லாட்டி எங்க வர்றதுன்னு எப்படித் தெரியும், ஆனா பேரும் அட்ரஸும் மட்டும்தான், ஆஃபர் இருக்கு, இட்லி சூப்பர்னெல்லாம் எழுதக் கூடாது. பேஜை அவங்கதான் போடணும், குறைஞ்சது 2 வாரம் முன்னாடி அனுப்பணும். காபி வாங்கினாத்தான் உக்காரலாம்னு சொல்லிடாதீங்க, கட்டாயம்னு தெரிஞ்சா ரிவ்யூவர் நிராகரிச்சிடுவார். உக்காந்தா அவங்களே வாங்குவாங்க. அன்னைக்கு எத்தனை பில் போட்டீங்க, எத்தனை ரூம் போச்சுன்னு தனியா குறிச்சு வைங்க.