பணிப்பெண்ணின் கைப்பேசி

அன்புள்ள அக்கா,

இணையத்தில் பெண்கள் நடத்தும் போராட்டங்களைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். சிங்கப்பூரில், யீஷூனில் இருக்கிறேன். வங்கி ஒன்றில் வேலை. வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே பார்க்கிறேன். பெண்ணுரிமை பற்றிய பதிவுகளை விடாமல் பகிர்கிறேன். என் அம்மா எழுபதுகளில் காலாங் பேசினில் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை செய்தவர். உழைக்கும் பெண்ணின் மதிப்பை அவரிடமிருந்துதான் கற்றேன்.

எங்கள் வீட்டில் தமிழ்நாட்டிலிருந்து வந்த பணிப்பெண் ஒருவர் இருக்கிறார். இரவில் நெடுநேரம் ஊரில் இருக்கும் கணவரோடும் பிள்ளையோடும் பேசுகிறார். கைப்பேசியை வாங்கி வைத்துக்கொண்டு இரவு ஒரு மணி நேரம் மட்டும் கொடு என்கிறார் மாமியார். யாருடனாவது பழக்கம் ஏற்பட்டுவிட்டால், அவருக்காக நாங்கள் அரசுக்கு உறுதியளித்த பிணைத்தொகை போய்விடும் என்று மாமியாருக்குப் பயம். கணவர் கூடத்திலும் சமையலறையிலும் கேமரா பொருத்திவிட்டார். குழந்தையின் அறையிலும் பொருத்த நினைக்கிறார். பணிப்பெண் படுப்பதும் அங்கேதான். எனக்கு உறுத்துகிறது. ஆனால் குழந்தையின் பாதுகாப்பும் இருக்கிறதே?

இன்னொன்று. வேலைக்கு அனுப்பிய முகவரிடம் பட்ட கடனைப் பற்றிப் பணிப்பெண் என்னிடம் அழுதார். அதை முகநூலில் எழுதலாமா? இப்படிப் பதிவு போடுவதால் உண்மையில் ஏதாவது மாறுகிறதா?

க., யீஷூன்

அன்புள்ள க.,

கைப்பேசியை வாங்கி வைக்காதீர்கள். பகலிலும் வேண்டாம். குழந்தையைக் குளிப்பாட்டும்போது பேச வேண்டாம், இத்தனை மணிக்கு மேல் உறங்குங்கள் என்று அவரோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்யலாம். அது முதலாளியும் தொழிலாளியும் செய்துகொள்ளும் ஏற்பாடு. பொருளை எடுத்து அலமாரியில் பூட்டுவது வேறு.

உங்களுக்கும் எனக்கும் பொருந்தும் வேலை நியமனச் சட்டம் உங்கள் பணிப்பெண்ணுக்குப் பொருந்தாது. நாளுக்கு இத்தனை மணி நேரம்தான் வேலை என்ற வரம்பு அவருக்கு இல்லை. வாராந்திர ஓய்வுநாள் 2013இல் வந்தது. ஆனால் அதற்குப் பதிலாகப் பணம் கொடுத்து வேலை வாங்கிக்கொள்ளலாம். மாதத்தில் ஒரு நாளையாவது அப்படி விலைக்கு வாங்க முடியாது என்ற விதி வந்தது 2023 ஜனவரியில்தான். இல்லப் பணியாளர்களுக்காக அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் 2011இல் கொண்டுவந்த 189ஆம் உடன்படிக்கையைச் சிங்கப்பூர் ஏற்று உறுதிசெய்யவில்லை. போராட்டம் நடத்த இடமளிக்கும் ஹோங் லிம் பூங்காவில் கூடிக் குரல் எழுப்பலாம் என்றால், அந்த உரிமை குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே. 2019 முதல் முதலாளி அவருடைய சம்பளத்தைத் தன்னிடம் வைத்திருக்கக் கூடாது. ஆகவே பணம் வங்கியில் இருக்கிறது, வங்கியோ கைப்பேசிக்குள் இருக்கிறது. ஊரில் இருக்கும் பிள்ளையின் முகம், சம்பளக் கணக்கு, முறையிட வேண்டிய எண், அடுத்த புளோக்கில் வேலை செய்யும் தோழியின் அறிவுரை எல்லாம் அந்த ஒரு கருவியில்தான். பெண்ணியமும் தொழில்நுட்பமும் என்று கருத்தரங்குகளில் பேசுகிறார்கள். எனக்கு அந்தப் பேச்சு முழுவதும் உங்கள் அலமாரிச் சாவியில் வந்து நிற்கிறது.

2016 ஜூலையில் பிஷானில் மியன்மாரைச் சேர்ந்த 24 வயதுப் பணிப்பெண் பட்டினியாலும் அடியாலும் இறந்தார். இறக்கும்போது அவருடைய எடை 24 கிலோ. கைப்பேசி கூடாது, ஓய்வுநாள் கிடையாது என்ற நிபந்தனைகளை ஒப்புக்கொண்டுதான் அவர் அந்த வீட்டுக்கு வந்தார் என்று நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. அந்த வீட்டிலும் கேமராக்கள் இருந்தன. கடைசி வாரங்களின் கொடுமைகளை அவை பதிவு செய்தன. 2021இல் முதலாளிக்கு 30 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டபோது அந்தப் பதிவுகள்தான் முக்கியச் சான்று. உயிரோடு இருந்தவரை அவற்றால் அவருக்கு ஒரு பயனும் இல்லை. பதிவைப் பார்க்கும் வசதி முதலாளியிடம் இருந்தது. வெளியே ஒரு சொல் அனுப்பும் வசதி அந்தப் பெண்ணிடம் இல்லை. உங்கள் வீட்டை அந்த வீட்டோடு நான் ஒப்பிடவில்லை. உங்கள் கடிதத்தில் இருக்கும் உறுத்தலே அதற்குச் சாட்சி. ஆனால் கைப்பேசி இல்லாத பெண், கேமரா உள்ள வீடு என்ற ஏற்பாடு ஒன்றுதான். அது நல்லவர் கையில் இருக்கிறதா கெட்டவர் கையில் இருக்கிறதா என்பது அந்தப் பெண்ணின் அதிர்ஷ்டம். ஒருவரின் பாதுகாப்பு அதிர்ஷ்டத்தை நம்பி இருக்கக் கூடாது.

குழந்தையின் அறையில் கேமரா வேண்டாம். கேமரா இருப்பதைப் பணிப்பெண்ணிடம் சொல்ல வேண்டும், அவர் உறங்கும், உடை மாற்றும், குளிக்கும் இடங்களில் பொருத்தக் கூடாது என்பது மனிதவள அமைச்சின் வழிகாட்டுதல். கூடத்தில் இருப்பதைப் பற்றி அவரிடம் சொல்லிவிட்டீர்களா? இல்லையென்றால் இன்றே சொல்லுங்கள். குழந்தை அழுவது கேட்க வேண்டும் என்றால் ஒலியை மட்டும் கடத்தும் கருவி எளிதாகக் கிடைக்கிறது.

உங்கள் அம்மாவைப் பற்றிய வரியை இரண்டு முறை படித்தேன். டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ், நேஷனல் செமிகண்டக்டர் போன்ற நிறுவனங்கள் அறுபதுகளின் இறுதியில் இங்கே வந்தபோது அவர்கள் தேடியது இளம்பெண்களின் விரல்களை. நுண்ணோக்கியில் கண் பதித்து, தலைமுடியைவிட மெல்லிய கம்பியை மின்னணுச் சில்லில் பொருத்தும் வேலை. பகல், மாலை, இரவு என்று மாறி மாறி வரும் முறை. ஜொகூரிலிருந்தும் பெண்கள் வந்தார்கள். பின்னர் ஒரு கட்டத்தில் உலகின் ஹார்டு டிஸ்குகளில் ஏறத்தாழப் பாதி இங்கேதான் தயாரானது. டிஜிட்டல் உலகைக் கட்டிய கைகளில் உங்கள் அம்மாவின் கைகளும் உண்டு. அந்த வரலாற்றை எழுதும்போது நிறுவனர்களின் பெயர்களே வருகின்றன என்பது எனக்குத் தீராத கோபம்.

அந்தப் பெண்கள் வேலைக்குப் போனபோது வீட்டு வேலையை யார் செய்வது என்ற கேள்வி எழுந்தது. ஆண்கள் பாதியை ஏற்றுக்கொள்வார்கள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. 1978இல் வெளிநாட்டுப் பணிப்பெண் திட்டம் வந்தது. அன்று திறந்த அந்த வழியில்தான் உங்கள் வீட்டுப் பணிப்பெண் தன் பிள்ளையை ஊரில் விட்டுவிட்டு வந்திருக்கிறார். நீங்கள் மடிக்கணினியைத் திறந்து வேலை பார்ப்பதும், மாலையில் ஒரு பதிவு எழுதுவதும் அவருடைய உழைப்பால் நடக்கிறது. குற்ற உணர்வுக்காக இதைச் சொல்லவில்லை. இந்தக் கணக்கைத் தீர்க்க வேண்டியவர்களில் உங்கள் கணவரும் ஒருவர். பள்ளியின் பெற்றோர் வாட்ஸ்அப் குழு, மாமியாரின் பலதுறை மருந்தக முன்பதிவு, மளிகை இணையக் கடை, இவையெல்லாம் யாருடைய கைப்பேசிக்கு வருகின்றன? கேமராவின் செயலி மட்டும் கணவருடையதில் இருக்கிறது என்றால், அதைப் பற்றியும் வீட்டில் பேசுங்கள்.

பதிவுகளால் ஏதாவது மாறுகிறதா? மாறுகிறது. 2018இல் இணையச் சந்தைத் தளம் ஒன்றில் இந்தோனேசியப் பணிப்பெண்களின் படங்கள் பொருள்களைப் போல வரிசையாகப் போடப்பட்டிருந்தன. சில படங்களில் ‘விற்கப்பட்டது’ என்றும் இருந்தது. அது வெளியே பரவிக் கண்டனம் எழுந்த பிறகு முகவர் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடரப்பட்டது. 2019 ஏப்ரலில் பல்கலைக்கழக மாணவி ஒருவர், தான் குளிக்கும்போது படமெடுத்தவனுக்குக் கிடைத்த லேசான தண்டனையைப் பற்றி இன்ஸ்டகிராமில் எழுதினார். பல்கலைக்கழகம் தன் விதிகளைக் கடுமையாக்க வேண்டி வந்தது. 

அந்த மாணவி தன் கதையைத் தானே சொன்னார். சொன்ன பிறகு வந்ததையும் தானே எதிர்கொண்டார், அதுவும் சொந்த நாட்டில் இருந்துகொண்டு. உங்கள் பணிப்பெண்ணின் வேலை அனுமதியை முதலாளி எந்த நாளிலும் ரத்து செய்யலாம். முதலாளியின் சம்மதமின்றி அவர் பொதுவாக வேறு வீட்டுக்கு மாறவும் முடியாது. பெயரை மறைத்தாலும், ஊரையும் கடனையும் எழுதினால் முகவருக்கு ஆள் தெரிந்துவிடும். ஊரில் அவர் கணவருக்கும் தெரியும். 2014இல் மலேசியாவின் போர்ட் டிக்சனில் பல நாட்டுப் பெண்ணியர்கள் கூடி, இணையம் பெண்களுக்கு எப்படி இருக்க வேண்டும் என்று சில கொள்கைகளை வகுக்கத் தொடங்கினார்கள். சம்மதமும் அந்தரங்கமும் அவற்றில் முக்கியமானவை. உங்களிடம் வேலை பார்ப்பவரிடம் “எழுதட்டுமா?” என்று கேட்டால் வரும் “சரிக்கா” சம்மதம் ஆகாது. நீங்கள் சம்பளம் கொடுப்பவர். ஆகவே எழுதாதீர்கள்.

எழுதாமல் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. இங்குள்ள முகவர் பணிப்பெண்ணிடம் வாங்கும் கட்டணம் அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம். அதற்கு மேல் வாங்கியிருந்தால் அவர் அமைச்சிடம் முறையிடலாம். ரசீதுகளைத் தேடி எடுக்க உதவுங்கள். 2004 முதல் இயங்கும் ‘ஹோம்’ அமைப்பும் வெளிநாட்டுப் பணிப்பெண்களுக்கு ஆலோசனை தருகிறது. பதிவு போட விரும்பினால் சட்டத்தைப் பற்றிப் போடுங்கள். 2025 ஜனவரியில் நடப்புக்கு வந்த இணையத்தள ஊழியர் சட்டம் உணவு விநியோகிப்பவருக்கும் வாடகைக் கார் ஓட்டுநருக்கும் மத்திய சேம நிதியையும் விபத்து இழப்பீட்டையும் தந்தது. நல்ல சட்டம். செயலி வழியாக வீடு துடைக்க வரும் பெண் அதில் இல்லை. அவரை ஏன் சேர்க்கவில்லை என்று உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரிடம் கேட்பதை உங்கள் பெயரில், உங்கள் பொறுப்பில் எழுதலாம்.

மாமியாரின் பயத்தைத் தள்ளிவிடாதீர்கள். பல வீடுகளில் கைப்பேசி பறிக்கப்படுவதற்கு அந்த 5,000 வெள்ளிப் பிணைத்தொகைதான் காரணம். வேலை அனுமதியின் விதிகளைப் பணிப்பெண்ணுக்கு நீங்கள் முன்கூட்டியே சொல்லியிருந்து, மீறல் தெரிந்தவுடன் அமைச்சுக்கும் தெரிவித்தால், அவர் செய்ததற்காக உங்கள் பணம் போகாது. 2010 முதலே இப்படித்தான். அமைச்சின் இணையப் பக்கத்தைத் திறந்து மாமியாருக்குத் தமிழில் படித்துச் சொல்லுங்கள். உங்கள் கணவரும் உடன் இருக்கட்டும்.

அன்புடன்,
அக்கா