20 இலட்சம் கிடைத்தது. ஆண்டு வருமானம் எத்தனை சதவீதம்?

கேள்வி: நான் வெள்ளவத்தையில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. 2015 ஜனவரியில் ஒரு யூனிட் ட்ரஸ்டில் (பலரின் பணத்தைச் சேர்த்து முதலிடும் நிதியத்தில்) 5 இலட்சம் ரூபாயும், 2019 ஜனவரியில் மேலும் 3 இலட்சமும் இட்டேன். 2025 ஜனவரியில் முழுவதையும் மீளப் பெற்றபோது 20 இலட்சம் கிடைத்தது. ஆண்டுக்கு 15 சதவீதம் கிடைத்திருக்கிறது என்று கூறி, முகவர் அதே நிதியத்தில் மறுபடியும் இடச் சொல்கிறார். இந்தக் கணக்குச் சரியா?

பதில்: சரியில்லை, அம்மா. 8 இலட்சத்துக்கு 12 இலட்சம் இலாபம் என்றால் 150 சதவீதம். அதைப் பத்து ஆண்டுகளால் வகுத்து 15 என்று அவர் சொல்லியிருப்பார். வட்டிக்கு வட்டி சேர்வதை இந்த வகுத்தல் முற்றாக மறந்துவிடுகிறது. அதோடு, ஆறு ஆண்டுகள் மட்டுமே கிடந்த 3 இலட்சத்தையும் பத்து ஆண்டுகள் கிடந்ததாக எண்ணுகிறது. இந்த இரண்டாவது தவறு உங்கள் வருமானத்தைக் குறைத்துக் காட்டுவது என்பதால், அவர் வேண்டுமென்றே ஏமாற்றினார் என்று நான் கருதவில்லை.

ஓராண்டில் ஒரு ரூபாய் எவ்வளவாக வளர்கிறது என்பதை x என்று வைத்துக்கொண்டால், இலட்சங்களில் உங்கள் சமன்பாடு இதுதான்: 5 × x¹⁰ + 3 × x⁶ = 20. x² ஐ y என்று எழுதினால் இது ஐந்தாம் படிச் சமன்பாடாகிவிடும். அத்தகையவற்றுக்குப் பொதுச் சூத்திரம் கிடையாது என்பதை நோர்வேயின் கணிதவியலாளர் ஏபெல் 1824 இல் நிறுவிவிட்டார். ஆகவே ஊகித்துப் பார்த்துத்தான் விடையை நெருங்க வேண்டும், அதற்குக் கல்குலேட்டரும் ஒரு தாளும் போதும். 10 சதவீதம் என்று கொண்டு x இன் இடத்தில் 1.10 ஐ இட்டால் 18.28 வருகிறது, போதவில்லை. 12 சதவீதத்துக்கு 21.45, கூடிவிட்டது, 11 க்கு 19.81, 11.1 க்கு 19.97. உங்கள் விடை 11.1 சதவீதத்துக்குச் சற்றே மேல். எக்செல்லில் இட்ட தொகைகளைக் கழித்தல் குறியுடனும் பெற்றதைக் கூட்டலாகவும் திகதிகளோடு எழுதி, எக்ஸ்.ஐ.ஆர்.ஆர். (XIRR) என்ற சார்பைக் கொடுத்தாலும் ஏறத்தாழ இதே விடைதான் வரும்.

உண்மையிலேயே 15 சதவீதம் கிடைத்திருந்தால் உங்கள் கையில் 27 இலட்சத்துக்கு மேல் இருந்திருக்கும்.

11.1 மோசமான வருமானம் என்று நான் சொல்லமாட்டேன்; ஆனால் 2022 செப்டெம்பரில் கொழும்பில் ஆண்டுப் பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்ட காலமும் இந்தப் பத்து ஆண்டுகளுக்குள் அடங்குகிறது என்பதால், 20 இலட்சத்தின் கொள்வனவு வலிமையை 2015 இன் கண்ணால் பார்க்க முடியாது. மீண்டும் இடுவதற்கு முன், வங்கியின் நிலையான வைப்பு வட்டியை இந்த 11.1 உடன் ஒப்பிடுங்கள், 15 உடன் அல்ல. வைப்பு வட்டியிலிருந்து 2025 ஏப்ரல் முதல் 10 சதவீத வரி பிடிக்கப்படுவதையும் கழித்துக்கொள்ளுங்கள். கடந்த காலத்தின் 11.1 அடுத்த பத்து ஆண்டுகளுக்கு உறுதியளிக்கப்பட்டதல்ல என்பதால், மருத்துவச் செலவுக்கென வைத்திருக்கும் பணத்தை எக்காரணம் கொண்டும் இதில் இட வேண்டாம்.