பதில்: அம்மம்மாவின் கவிதைக் கொப்பியும் பழைய யாழ்ப்பாணப் பேப்பர்களும்

1995இல் போரால் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறிய இடப்பெயர்வில் நனைந்து ஒட்டிப்போன கொப்பியை லமினேற் செய்யலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். சூட்டில் தாள் கெடும், பிறகு பிளாஸ்ரிக்கைப் பிரிக்கவே ஏலாது. நீராவி காட்டிப் பிரிப்பதும் ஆபத்து. ஊற்றுப்பேனா மை என்றால் எழுத்தே கரைந்துவிடும். விடுபட்ட ஓரத்தால் மெல்லிய மூங்கில் சீவலை நுழைத்து மெதுவாக நகர்த்துங்கள். தாள் இழுபட்டால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள், இரண்டு தாளும் ஒட்டியபடியே இருக்கட்டும். பூஞ்சணத்தை முகக்கவசம் போட்டு, வீட்டுக்கு வெளியே வைத்து, காய்ந்த மென்தூரிகையால் தட்டுங்கள்.

கோடு போட்ட தாளில் அச்சான பேப்பர் போலியாக இருக்குமோ என்ற சந்தேகம் தேவையில்லை. பொருளாதாரத் தடையால் அச்சுத்தாள் வராத 90களில் யாழ்ப்பாணத்தில் பத்திரிகை கொப்பித்தாளிலும் வந்தது. அதனால்தான் கறுப்பு வெள்ளையில் ஸ்கான் செய்யாதீர்கள். கோடும் தாளின் நிறமும் சான்றுகள். கலரில், 400 டிபிஐ (அங்குலத்துக்கு 400 புள்ளி) அளவில், டிஃப் (TIFF) என்ற படக் கோப்பாகச் சேமியுங்கள். ஓரத்தில் கிறுக்கிய அரிசி, மண்ணெண்ணெய்க் கணக்கையும் வெட்டாதீர்கள் (என் கணிப்பில் கவிதையைவிட அதுதான் அரிது).

ஸ்கான் பிரதியை, ஈழத்து நூல்களையும் ஆவணங்களையும் இணையத்தில் சேர்த்து வைக்கும் நூலக நிறுவனத்துக்குக் கொடுக்கலாம். 2005 முதல் இதே வேலைதான் செய்கிறார்கள். அதற்கு முன், கொப்பியோடு கடிதங்களும் இருந்து, அவற்றில் உயிரோடு இருப்பவர்களின் பெயர், விலாசம் இருந்தால் அவர்களிடம் கேட்டுவிடுங்கள்.