மே மாதத்தில் யாருக்குப் பயிற்சி?

அன்புள்ள அண்ணாச்சி,

நான் களக்காடு பக்கம் ஒரு டி.டி.டி.ஏ. (திருநெல்வேலி திருமண்டல) தொடக்கப்பள்ளியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். எங்கள் சேகரத்திலிருந்து (சில சபைகள் சேர்ந்தது) வருகிற மே மாதம் பன்னிரண்டு பேர் உகாண்டாவுக்கு ஊழியப் பயணம் போகிறார்கள். பத்து நாள். அங்குள்ள கிராமப் பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பதுதான் முக்கிய வேலை. குழுவில் ஆசிரியர் என்று பார்த்தால் நானும் இன்னொரு தங்கச்சியும்தான். ‘வெள்ளைக்காரன் வந்து நமக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தான், இப்ப நம்ம முறை’ என்கிறார் எங்கள் ஐயர் (சபைப் போதகர்). எனக்கு ஆசையாகவும் இருக்கிறது, கூச்சமாகவும் இருக்கிறது. பாஷை தெரியாது. பத்து நாளில் என்ன சொல்லிக்கொடுத்துவிட முடியும்? போகலாமா?

அன்புள்ள டீச்சர்,

போங்கள். ஆனால் மே மாதத்தில் வேண்டாம்.

உகாண்டாவில் பள்ளி ஆண்டு பிப்ரவரியில் தொடங்கும். மூன்று பருவங்கள். முதல் பருவம் மே தொடக்கத்தையொட்டி முடிந்துவிடும், அடுத்தது மாதக் கடைசி வாக்கில்தான். நமக்கு லீவு என்று நாம் கிளம்பினால் அங்கேயும் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடக்கும். லீவில் இருக்கிற ஆசிரியர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசிவிட்டு வரலாம். அவர்கள் பாடம் நடத்துவதை ஒருநாளும் பார்க்க முடியாது. பார்க்காமல் என்ன பயிற்சி? நீங்கள் ஓய்வுபெற்றவர்தானே, ஜூனிலோ ஜூலையிலோ போக என்ன தடை?

ஐயர் சொன்னது பாதி சரி. 1820-ல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் (ஜெர்மானிய மிஷனெரி) ஊர் ஊராகப் பள்ளிக்கூடம் திறந்தார். ஆனால் அந்த வகுப்புகளில் நின்றவர்கள் நம் உபதேசியார்கள் (சபை ஊழியர்கள்). ரேனியஸோ தமிழை முறையாகப் படித்து, தமிழுக்கு இலக்கணமும் எழுதி, 1838-ல் பாளையங்கோட்டையிலேயே இறந்தார். பத்து நாள் கணக்கில்லை.

எதிர்த்திசையில் போனதும் உண்டு. எழும்பூரில் ராணுவ அனாதைப் பிள்ளைகளின் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்தார். அதைத் தன் பள்ளிக்குள் கொண்டுவந்தார். மூத்த பையன் இளையவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஏற்பாட்டையும் சேர்த்து 1797-ல் லண்டனில் அச்சிட்டார். இங்கிலாந்தில் ஏழைப் பிள்ளைகள் பலர் எழுத்து படித்தது அந்த ‘மெட்ராஸ் முறை’யில்தான். நம் சட்டாம்பிள்ளை (சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் மூத்த மாணவன்) கப்பலேறிய கதையை ஐயரிடம் சொல்லுங்கள்.

அதனால் முதல் மூன்று நாலு நாள் கடைசி பெஞ்சில் உட்காருங்கள். அங்கே கிராமப்புறத்தில் மூன்றாம் வகுப்புவரை உள்ளூர் மொழியில் பாடம், நாலாம் வகுப்பில் ஆங்கிலத்துக்கு மாறுகிறார்கள். பிள்ளைகள் தடுமாறுகிற இடம் அதுதான் என்று நினைக்கிறேன். அதை அந்த ஆசிரியர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று பாருங்கள். ஆங்கில மீடியம் திறந்துவிட்டுத் தவிக்கிற நம் பள்ளிகளுக்கும் அது உதவும். அப்புறம், அவர்கள் பயிற்சிக் கல்லூரியில் படித்துவிட்டு வந்தவர்கள். ஆங்கிலம் நம்மைவிடச் சரளமாகவே பேசுவார்கள்.

உங்களிடம் கொடுக்க ஒன்றும் இல்லை என்று இல்லை. ஈராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்பை எப்படி ஓட்டுவது என்று உங்களுக்குத் தெரியும். ஒன்றாம் வகுப்புக்கு எழுதக் கொடுத்துவிட்டு மூன்றாம் வகுப்புக்குக் கணக்குப் போடுவது, புளியங்கொட்டையை வைத்து இடமதிப்பு சொல்லிக்கொடுப்பது இதையெல்லாம் புரொஜெக்டரோடு வருகிறவர் சொல்ல மாட்டார். 1997-ல் தொடக்கக் கல்வியை இலவசமாக்கிய பிறகு அங்கே வகுப்புகள் நிரம்பி வழிந்தன. பெரிய கூட்டத்தைக் கையாளத் தெரிந்தவர் பேச்சு எடுபடும். மாதிரி வகுப்பை அங்குள்ள பிள்ளைகளை வைத்தே நடத்துங்கள். பாஷைக்கு அங்கேயே ஒரு ஆசிரியரைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஜெபம் செய்யுங்கள், அது உங்கள் விருப்பம். (நான் விபூதி பூசுகிற வீட்டுப் பையன், டி.டி.டி.ஏ. பள்ளியில் வேதபாடம் படித்தே வளர்ந்தவன்.) ஆனால் வருகைப் பதிவு எடுக்கிற பயிற்சி நேரத்துக்குள் பிரசங்கத்தை வைக்க வேண்டாம். எழுந்து போக முடியாதவர்களிடம் சொல்வது ஊழியம் ஆகாது.

ஐயரிடம் கேட்க இன்னொன்றும் உண்டு. மற்ற பத்துப் பேர் எதற்கு? அந்த விமானக் கட்டணத்தில் ஆசிரியர்கள் இரண்டு பேர் ஒரு பருவம் முழுக்கத் தங்கலாம். போட்டோவில் கூட்டம் குறையும், அவ்வளவுதான். வெள்ளாளன்விளையில் பிறந்த பேராயர் அசரியாவை நம் சபைகளில் தெரியாதவர் இல்லை. 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியவர்களில் ஒருவர். பிறகு தோர்ணக்கல்லுக்குப் போய்த் தெலுங்கு கற்று அங்கேயே வேலை செய்தார். 1910-ல் எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டில் மேலைநாட்டு மிஷனெரிகளின் தியாகத்தையெல்லாம் ஒப்புக்கொண்டுவிட்டு, எங்களுக்கு நண்பர்களைக் கொடுங்கள் என்று கேட்டார். அன்றைக்குக் கேட்கிற இடத்தில் நாம் இருந்தோம். இப்போது விமான டிக்கெட் நம் கையில்.

மஞ்சள் காய்ச்சல் ஊசியைக் கிளம்புவதற்குப் பத்து நாளாவது முன்னால் போட்டுவிடுங்கள். ஊசி போட்டுப் பத்து நாள் ஆனால்தான் சான்றிதழ் செல்லும். திரும்பி வரும்போது இங்கேயும் கேட்பார்கள்.

அன்புடன்,
அண்ணாச்சி