பெருவில் கடல் சுட்டால் பேச்சிப்பாறை அணைக்கு என்ன?

எங்கள் வாசகசாலைக் கேள்விப் பெட்டியில் இந்த மாதம் விழுந்த சீட்டுகளில் பாதிக்கு மேல் எல் நினோதான். புவியியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் என் தலையில் கட்டிவிட்டார்கள்.

பசிபிக் எங்கே, நம்ம இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) எங்கே? அங்கே சூடானால் இங்கே மழை எப்படி சார் குறையும்? (ரப்பர் தோட்டக்காரர், திருவட்டாறு)

வழக்கமாகப் பசிபிக்கில் காற்று கிழக்கிலிருந்து மேற்கே வீசி, வெந்நீரை இந்தோனேசியப் பக்கம் தள்ளிக் குவிக்கும். அங்கே கடல் மட்டமே பெருக் கரையைவிட ஏறத்தாழ அரை மீட்டர் உயர்ந்து நிற்கும். வெந்நீர் இருக்கும் இடத்தில் காற்று மேலே ஏறும், மேகம் கட்டும். 2 முதல் 7 வருடங்களுக்கு ஒருமுறை அந்தக் காற்று சோர்ந்துபோகிறது. குவிந்த வெந்நீர் கிழக்கே திரும்பி வழிகிறது. இதுதான் எல் நினோ. மேகமும் கூடவே போய்விடும். அங்கே ஏறிய காற்று எங்காவது இறங்கித்தானே ஆக வேண்டும்? இந்தோனேசியாவிலும் நம் பக்கத்திலும் இறங்குகிறது. இறங்கும் காற்றில் மேகம் வளராது. 2009-ல் நாட்டின் தென்மேற்குப் பருவமழை 22 சதவீதம் குறைந்தது இப்படித்தான்.

பெயர் ஏன் அப்படி? (குளச்சல்)

பெரு நாட்டு மீனவர்கள் வைத்தது. கிறிஸ்துமஸ் நேரத்தில் வெந்நீர் வந்து மீன் குறையும். அதனால் ‘குழந்தை இயேசு’ என்றார்கள். மீன் போன கவலையிலும் பெயர் எவ்வளவு அழகாக வைத்திருக்கிறார்கள், பாருங்கள்.

2023 எல் நினோ வருடம்தானே? அப்படியானால் அந்த டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. எப்படிப் பெய்தது? (கல்லூரி மாணவி, நாகர்கோவில்)

நல்ல கேள்வி மக்கா. தொலைக்காட்சியில் ‘எல் நினோ என்றால் வறட்சி’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். வட இந்தியாவுக்கு அது ஓரளவு பொருந்தும். நமக்கு வருடத்தில் இரண்டு மழை. ஐப்பசியில் கதை திரும்பிவிடுகிறது: இந்தோனேசியா பக்கம் காற்று இறங்குவதால் அங்கிருந்து மேற்கு நோக்கி வரும் கீழைக்காற்று வலுக்கும். அந்த ஈரம் இலங்கைக்கும் தென் தமிழகத்துக்கும் வந்து சேரும். ஆக, எல் நினோ வருடத்தில் இடவப்பாதி மெலியவும் துலா மழை (வடகிழக்குப் பருவமழை) கொழுக்கவும் வாய்ப்பு அதிகம். 2015-ல் சென்னை மூழ்கியதும் பலமான எல் நினோ வருடத்தில்தான். 2023-ல் இந்தியப் பெருங்கடலும் கூட்டுச் சேர்ந்தது. ஆனால் அன்று அந்த மழையைக் கொட்டியது குமரிக்கடல் பக்கம் நின்ற ஒரு காற்றுச் சுழற்சி. அது வந்து நிற்கத் தோதான வருடம், அவ்வளவுதான்.

அப்போ கும்பப்பூ நெல்லுக்கு எல் நினோ நல்லது, லா நினா கெட்டதா? (பூதப்பாண்டி)

2016-ஐப் பார்த்தால் ஆமாம் என்று தோன்றும். லேசான லா நினா, அதாவது பசிபிக் காற்று வழக்கத்தைவிடப் பலமாகி, பெரு பக்கம் கடல் குளிரும் நிலை. தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது. 2021-ஐப் பாருங்கள், அதுவும் லா நினாதான். நவம்பரில் நம் குமரி மாவட்டமே தண்ணீரில் நின்றது. தென்னை பக்கத்து வீட்டுப் பக்கம் சாய்ந்திருந்தால் தேங்காய் பெரும்பாலும் அங்கேதான் விழும். எல்லாம் அங்கேயே விழும் என்று எழுதிக் கொடுக்க முடியுமா?

இந்தியப் பெருங்கடல் என்ன கூட்டுச் சேரும்?

இதற்கு ‘இருமுனை’ என்று பெயர். 1999-ல்தான் தனியாக அடையாளம் கண்டார்கள். ஆப்பிரிக்கப் பக்கம் கடல் சூடாகி, சுமத்ரா பக்கம் குளிர்ந்தால் நேர்நிலை. அது எல் நினோவின் கெடுதியை ஈடுகட்டவும் செய்யும். 1997-ல் மிகப் பெரிய எல் நினோ வந்தும் நாட்டில் மழை குறையவில்லை. அதில் இதற்கும் பங்கு உண்டு. 2019-ல் நேர்நிலை உச்சத்தில் இருந்தபோது கிழக்கு ஆப்பிரிக்காவில் வெள்ளம், ஆஸ்திரேலியாவில் காடு எரிந்தது.

ஒக்கிப் புயலுக்கும் எல் நினோதான் காரணமா?

இல்லை. 2017 நவம்பர் கடைசியில் பசிபிக்கில் லா நினா. ஒரு புயலுக்கு ஒரு எல் நினோவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள்.

கள்ளக்கடல்? (தேங்காப்பட்டணம்)

அதுவும் வேறு. ஆனால் தூரத்துச் சங்கதி என்பதில் உறவுதான். தெற்கே வெகு தொலைவில், அண்டார்டிகா பக்கத்துப் புயல் எழுப்பிய அலை சில நாள் பயணம் செய்து வருகிறது. இங்கே காற்றும் இருக்காது, மேகமும் இருக்காது. 2024 மே மாதம் நம் கடற்கரையில் உயிர்களைக் கொண்டுபோனது அதுதான். எச்சரிக்கை வந்தால் வானத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

சித்திரையிலேயே ‘இந்த வருடம் எல் நினோ’ என்கிறார்களே, நம்பி வாழை வைக்கலாமா? (குலசேகரம்)

மார்ச் முதல் மே வரை சொல்லும் கணிப்புதான் அதிகம் தவறும். பசிபிக் அப்போது எந்தப் பக்கமும் சாயக்கூடிய நிலையில் இருக்கும். ஆடிக்குள் ஓரளவு தெளிந்துவிடும். நாள் கணக்கில் வேண்டுமென்றால் எம்ஜேஓ என்ற மேகக் கூட்டத்தைக் கவனியுங்கள். 30 முதல் 60 நாளில் பூமத்திய ரேகையை ஒட்டிக் கிழக்கே சுற்றிவரும். அது இந்தியப் பெருங்கடலுக்குள் இருக்கும் வாரங்களில் ரப்பர் பால் வெட்டுக்கு ஆள் சொல்லும் முன் ஒருமுறை வானிலைச் செய்தி கேளுங்கள்.